நன்றி சொல்ல வந்த செடி

அந்தச் செடி வந்து இறங்கிய நாளிலிருந்து அக்கா வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை.

அதற்கு முன்னால் அந்தக் கதவுக்கு ஓய்வே கிடையாது. கால்வாய்க் கரையை ஒட்டிய அந்தத் தெருவை இடித்துவிட்டு அகலமான சாலையும் அலங்கார விளக்கும் போடுவேன் என்று ஒருவர் தேர்தலில் நின்றார். வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதபடி தெருவைக் கட்டி நிறுத்தியிருந்தது அக்காதான். திரைச்சீலை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். சாயங்காலமானால் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னறையில் கூட்டம் போடுவாள். உட்கார இடம் இல்லாதவர்கள் துணி மூட்டைகளின் மேல் உட்காருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே வாசலில் நிற்கிற நேரமாகப் பார்த்து ஒரு வேன் வந்தது. அதன் பக்கவாட்டில் வேட்பாளரின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. நீலச் சட்டை போட்ட நாலு இளவட்டங்கள் இறங்கி நேராக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் கையில் தொட்டிச்செடி. தொட்டியைச் சுற்றி நீல ரிப்பன்.

"உங்க தம்பி எங்க வேட்பாளருக்கு நன்கொடை கொடுத்திருக்கார் மேடம். அதுக்கு எங்களோட சின்ன நன்றி" என்றாள் அந்தப் பெண், தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில்.

யார் எதை நீட்டினாலும் வாங்கிவிடுகிற கை அக்காவுக்கு. வாங்கிவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் ஒருவன் போட்டோவும் எடுத்துவிட்டான்.

வேன் போன கொஞ்ச நேரத்தில் அவள் தம்பிக்கு போன் செய்தாள்.

தம்பி தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனியில் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தான். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பேசுவான் என்பதால் அங்கே அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளடைவில் ஊமை உதிர்ந்து கோட்டான் மட்டும் நின்றது.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"எதை?"

"எவன் எங்க வீட்டை இடிக்கப் போறானோ அவனுக்குக் காசு குடுத்திருக்கியாமே. ஊர் பாக்க வந்து நன்றின்னு செடியைக் குடுத்துட்டுப் போறாங்க."

"நான் குடுக்கலக்கா."

"குடுக்காதவனுக்கு எதுக்குடா நன்றி?"

போனில் எதையும் கோர்வையாகச் சொல்ல அவனுக்கு வராது. அக்கா தன் பாட்டுக்கு அர்த்தம் செய்துகொண்டாள்.

"எதிர்வீட்டு கண்டக்டர் என்ன கேட்டார் தெரியுமா? உள்ளுக்குள்ள விலை பேசிட்டுத்தான் எங்களைக் கையெழுத்துப் போடாதீங்கன்னு சொன்னியாம்மான்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டே கேட்டார்டா. திட்டியிருந்தா பரவாயில்லை."

போன் துண்டிக்கப்பட்டது. கோட்டான் தன் வாடகை அறையில், கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தான். அம்மா அப்பா போனபிறகு அவனைப் படிக்கவைத்து, வேலைக்குப் போகிறவரை அந்தக் கால்வாய்க்கரை வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் அவள். அவன் வாசலில் நின்றால் திறக்கிற கதவு உலகத்தில் அது ஒன்றுதான். வேறு கதவுகளை அவன் தேடிக்கொள்ளவுமில்லை.

செடி ஏன் அங்கே போனது என்பது மட்டும் சீக்கிரம் புரிந்துவிட்டது. வேலையில் சேர்ந்தபோது அக்கா வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தான். பிறகு கம்பெனிக்குப் பக்கத்தில் அறை எடுத்தும் அதை மாற்றவில்லை. அப்படியானால் அவன் பெயரை அங்கே அனுப்பியது கம்பெனிதான்.

மறுநாள் சோதனைக்கூடத்துக்குள் நுழையும்போது அவனுக்கு எல்லாமே புதிதாகத் தெரிந்தது. நீளமான மேசைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக மாட்டிய மீட்டர்கள், அவற்றின் ஊடாகத் தண்ணீர் ஓடும் சத்தம், கடைசியில் கண்ணாடித் தொட்டி. மீட்டர் காட்டுகிற அளவும் தொட்டியில் விழுந்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மேசைக்கு இரண்டு பேர். முதல் ஆள் ஓட்டிப் பார்ப்பார். இரண்டாவது ஆள், முதல் ஆளை நம்பாமல், மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தன் ரகசியப் பின் நம்பரைப் போட்டுத் திரையில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் விதி.

விதி சுவரில் இருந்தது. மேசையில் இருந்தது கைமாத்து. ஒருவருக்கு டீ குடிக்கத் தோன்றும், ஒருவருக்குக் கண் சொக்கும். ஜோடியில் இன்னொருவர் அவருடைய நம்பரையும் தானே போட்டுவிடுவார். காசைக் கைமாற்றாக வாங்குவதுபோல நம்பரை வாங்குவதால் அதற்கு அந்தப் பெயர். கூடத்தில் ஜோடியின் நம்பர் தெரியாத ஆளே கிடையாது. மனைவியின் பிறந்தநாளை மறந்தவர்கள்கூட அதை மறப்பதில்லை.

கோட்டானின் ஜோடி ஒரு பெரிய உருவம். யாருக்காவது மேலிடத்தில் திட்டு விழுந்தால் முன்னால் போய் வாதாடுவார் என்பதால் அவருக்கு வக்கீல் என்று பெயர். கோட்டானுக்காகவும் பலமுறை வாதாடியிருக்கிறார். வருடக்கணக்கில் ஒரே மேசை.

அன்றைக்கு வக்கீல் அவனுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்திருந்தார்.

"என்னடா கோட்டான், முகம் தொங்குது? பொண்ணு வீட்ல வேண்டாம்னுட்டாங்களா?"

"இல்லண்ணே."

"பின்ன வேணும்னுட்டாங்களா? அதுக்குத்தான் முகம் இவ்வளவு தொங்கணும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். கோட்டான் டீயை எடுத்துக்கொண்டான். வக்கீல் டீ வாங்கித் தருவது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு ஏன் அவன் கேட்பதற்கு முன்னாலேயே சர்க்கரை கூடுதலாகப் போட்டு வாங்கி வந்திருக்கிறார் என்று யோசித்தான். யோசித்ததும் தன்மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. சந்தேகம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. எதைப் பார்த்தாலும் கூடவே அதுவும் தெரிகிறது.

நன்கொடை விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. மாதத் தொடக்கத்தில் உணவு நேரத்தில் மேலாளர் ஒருவர் வந்து பேசியிருந்தார். இந்த வேட்பாளர் வென்றால் ஊரில் வீட்டுக்கு வீடு புது மீட்டர் வரும். புது மீட்டர் வந்தால் நமக்கு வேலை இருக்கும். கம்பெனி கொடுத்தால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஆட்கள் அவரவர் விருப்பத்தில் கொடுத்தால் அது ஜனநாயகம். சம்பளத்தில் பிடிப்பதை ஊக்கத்தொகையாக அதே மாதம் திருப்பிவிடுவோம், ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. கட்டாயமும் இல்லை. கட்டாயமில்லை என்பதை அவர் அத்தனை தடவை சொன்னதில் அது கட்டாயம் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே திரைகளில் நன்கொடைப் பக்கம் வந்தது. மீட்டரைப் பாஸ் செய்கிற அதே பின் நம்பர், அதே பச்சைப் பொத்தான். கோட்டான் அதைத் தொடவில்லை. தொடாதவர்கள் பலர் இருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தான். பிடித்ததும் திருப்பியதும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டதால் சம்பளத்தில் அவன் கண்ணில் எதுவும் படவில்லை.

உணவு நேரத்தில் மாடிக்குப் போனான். ஆள் நிர்வாகம் பார்க்கும் மேடத்தின் அறையில் குளிர்சாதனம் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மேடம் அவனை உட்காரச் சொன்னாள். அந்த அறையில் உட்காரச் சொன்னால் நல்லதல்ல என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

"நான் நன்கொடை குடுக்கல மேடம். என் பேர்ல போயிருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"உங்க பின் நம்பர் போட்டிருக்கே."

"நான் போடல."

"அப்ப யார் போட்டாங்க?" என்று மிகவும் கனிவாகக் கேட்டாள். "உங்க நம்பர் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? வேற யாருக்காவது சொல்லியிருக்கீங்களா? சொல்லியிருந்தா இப்பவே சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. நம்பரை இன்னொருத்தருக்குக் குடுத்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். நீங்க ரெண்டு பேரும் பாஸ் பண்ணின மீட்டரையெல்லாம் திரும்பக் கொண்டுவரணும். எத்தனை வீட்ல மாட்டியிருக்கும்னு எனக்கே தெரியாது."

அவன் எழுந்துகொண்டான்.

"அப்ப நீங்கதான் குடுத்தீங்க, மறந்துட்டீங்க. அப்படித்தானே?" என்றாள் மேடம். அவள் சிரிப்பு வேனில் இருந்த முகத்தை நினைவுபடுத்தியது.

படியிறங்கும்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கைமாத்து பற்றி இவர்களுக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். தெரிந்தும் விட்டு வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எதற்காவது உதவும் என்று மூலையில் போட்டு வைத்த கயிறு மாதிரி. இப்போது உதவிவிட்டது.

ஆனால் கயிற்றை அவன் கழுத்தில் போட்ட கை மாடியில் இருப்பதல்ல. அவன் நம்பர் தெரிந்த ஆள் ஒருவர்தான்.

அடுத்து வந்த நாட்களில் கோட்டான் வக்கீலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வக்கீல் முன்னைவிட அதிகமாக ஜோக் அடித்தார். அவன் கேட்காமலே அவனுக்காகப் பரிந்து பேசினார். அக்கா என்ற சொல் அவன் வாயில் தப்பித் தவறி வந்தபோது, "அக்காவா? உனக்கு அக்கா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழாயைத் திறக்கப் போய்விட்டார். பக்கத்து மேசைகளில் யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் கோட்டானுக்குத் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ராத்திரி கண்ணை மூடினால் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மீட்டர் முள் மட்டும் அசையவில்லை.

அக்காவுக்கு போன் செய்தான். மாமாதான் எடுத்தார். "அவ துணி வெட்டிட்டு இருக்கா" என்றார். கத்தரிச் சத்தம் கேட்டது. துணியில்லாமல் வெறும் காற்றை வெட்டுகிற சத்தம் அது என்று அவனுக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவனாயிற்றே.

"செடி எப்படி இருக்கு மாமா?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டான்.

"வாசல்லதான் கிடக்கு. உள்ள கொண்டாந்தா சொந்தம்னுடுவாங்க, வெளிய எறிஞ்சா நடிப்புன்னுடுவாங்க. உங்க அக்கா ராத்திரி எந்திரிச்சுப் போய் தண்ணி ஊத்திட்டு வர்றா. செடி என்ன பாவம் பண்ணுச்சுங்கறா." மாமா குரலைத் தாழ்த்தினார். "நிஜமா சொல்லு மாப்ள. குடுத்தியா?"

மாமாவும் கேட்டுவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும், தொட்டிகளை வடிக்கிற நேரத்தில், கோட்டான் வக்கீலின் குறுக்கே போய் நின்றான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் வடிகுழாயில் கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதானேண்ணே?"

வக்கீலுக்கு எதை என்று கேட்கத் தோன்றவில்லை. கையில் இருந்த துணியைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துணி.

"ஜோடிக்கு ஒரு பேராவது வேணும்னான்டா மேலாளர். பேரு வராத ஜோடியைப் பிரிச்சு ஒருத்தனை வெளியூர் கிடங்குக்கு அனுப்புவேன்னான். என்னை அனுப்புனா என் பசங்க பள்ளிக்கூடம் என்ன ஆகும்?"

"உங்க பேரைப் போட்டிருக்கலாமே."

"என் மச்சான் எதிர்க்கட்சியில வட்டச் செயலாளர்டா. குடுத்தவங்க பேரெல்லாம் வெளிய வருமாம், யார் வேணா பாக்கலாமாம். பாத்தா என் பொண்டாட்டி பிறந்த வீட்டுப் படி ஏற முடியுமா? உன்னைக் கேக்கத்தான் நெனச்சேன். நீ அன்னைக்கு வாஷர் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்த. நான் வழக்கம்போல உன் நம்பரைத் தட்டிட்டேன். மீட்டருக்குத் தட்டுற மாதிரிதான் தட்டினேன்."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்." வக்கீல் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தார். "உனக்கு யார் இருக்கான்னு நெனச்சேன்டா. தனி ஆளு. உன்னை யார் கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன். இத்தனை வருஷத்துல நீ வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

நீங்களும் கேட்டதில்லையே என்று கோட்டானுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாகக் கால்வாய்த் தெருவைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் வேனைப் பற்றியும் செடியைப் பற்றியும் சொன்னான். சேர்ந்தாற்போல அத்தனை வாக்கியங்களை அந்தக் கூடம் அவனிடமிருந்து கேட்டதில்லை. வக்கீல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தெருக் கூட்டத்துல நடந்ததைச் சொல்லப் போறேன்" என்றான் கடைசியில்.

"என்னத்த சொல்லுவ?"

"கைமாத்தைச் சொல்லணும். அதைச் சொல்லாம இது நிக்காது."

தண்ணீர் வடிந்து முடிந்திருந்தது.

"சொல்லிக்கோ. உன்னைத் தடுக்க எனக்கு மூஞ்சி இல்லை" என்றார். "ஆனா என்னைக் கூப்பிட்டுக் கேட்டா நான் இல்லேன்னுதான் சொல்லுவேன். அதையும் உங்கிட்ட இப்பவே சொல்லிட்டேன்."

அடுத்தவருக்காக அத்தனை வாதாடியவர் தனக்காக வாதாடியது அவ்வளவுதான்.

கூட்டம் இப்போது கண்டக்டர் வீட்டுக்கு மாறியிருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அவர் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் வாங்காத ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். கோட்டான் போய் அக்காவைக் கூப்பிட்டான். அவள் வரமாட்டேன் என்றாள். "நீ குடுக்கலேன்னு நீ சொல்றதை நான் கேட்டாச்சு. அவங்க கேக்கணுமே" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, விரலுறையைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு வந்தாள். கண்டக்டர் வீட்டில் அவளுக்கு இடம் விட்டு யாரும் நகரவில்லை. கதவோரம் நின்றாள்.

கோட்டான் நடுவில் போய் நின்றான். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பச்சைப் பொத்தானில் ஆரம்பித்தான். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வதைச் சொன்னான். அந்த நம்பரில்தான் அவன் பெயரில் நன்கொடை போனது என்றான். போட்டது யார் என்று கேட்டார்கள். "எங்கூட வேலை செய்யறவர்" என்றான். பெயரைக் கேட்டார்கள். சொல்லவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்டக்டர். "இதை நாங்க நம்பணும்னா நீ எங்க வேணா வந்து சொல்லணும். தேர்தல் ஆபீசுக்கு நாளைக்குக் காலையில எங்கூட வருவியா?"

"வர்றேன்."

"வேலை போயிடுமேடா" என்றது கதவோரக் குரல்.

அந்த ஒரு குரலில் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா நம்பிவிட்டாள். நம்பாத ஒருத்திக்கு அவன் வேலை போவதைப் பற்றி என்ன கவலை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

"போகும்க்கா" என்றான்.

பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார், "தம்பி, எங்க வீட்ல மாட்டியிருக்கறது உங்க கம்பெனி மீட்டர்தானே? அதையும் ஒருத்தர்தான் பாத்தாரா?"

அதைக் கோட்டான் எதிர்பார்க்கவில்லை. "ஒருத்தர்தான்" என்றான்.

அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனார்கள். தெரு முழுக்க ஆட்கள் சுவரோரம் குந்தி, குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். அவர்கள் பார்வை அக்காவை விட்டுவிட்டு அவன் செய்த வேலையின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. வழியில் அவனைக் கடந்தவர்கள் வணக்கம் சொல்லவில்லை. ஆனால் கண்டக்டர் மட்டும் அக்கா வீட்டு வாசலில் நின்று, "அடுத்த கூட்டம் இங்கயே வெச்சுக்கலாமாம்மா? என் வீட்ல காத்தே வர மாட்டேங்குது" என்றார்.

மறுநாள் கண்டக்டரோடு தேர்தல் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கம்பெனியைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்றார்.

அதற்கடுத்த நாள் காலை வேலைக்கு வந்தபோது வக்கீல் முன்னாலேயே வந்து முதல் வரிசை மீட்டர்களை ஓட்டி முடித்திருந்தார். டீ ஒன்றுதான் இருந்தது. அவருடையது. திரையில் தன் நம்பரைப் போட்டுவிட்டு, கைப் பழக்கத்தில் கோட்டானின் நம்பரையும் தட்டினார். திரை சிவந்தது. மறுபடி தட்டினார். மறுபடி சிவந்தது.

"மாத்திட்டேண்ணே" என்றான் கோட்டான்.

மேசையைச் சுற்றி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். தொட்டியை வடித்தான். குழாயைத் திறந்து அதே மீட்டர்களில் மறுபடி தண்ணீர் விட்டான். கடைசியாக அதைச் செய்தது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை. பக்கத்து மேசைகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன.

"என்னைச் சந்தேகப்படுறியாடா?" என்றார் வக்கீல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

"ஆமாண்ணே. இந்த நாற்காலியைப் போட்டது அதுக்குத்தானே."

முட்கள் சுழன்றன. கண்ணாடித் தொட்டியில் நீர் ஏறியது. குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். எல்லாம் சரியாக இருந்தன. வக்கீல் வேலையில் கெட்டிக்காரர், எப்போதுமே.

கடைசி மீட்டருக்கு வந்தபோது ஒலிபெருக்கி கரகரத்து அவன் பெயரைக் கூப்பிட்டது. பட்டப்பெயரை அல்ல, கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாத அவன் சொந்தப் பெயரை. மாடிக்கு வரச் சொன்னது. அவன் நிமிர்ந்து, அடுத்து வக்கீலின் பெயரும் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒலிபெருக்கி அணைந்துவிட்டது.

வக்கீல் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவருடைய டீயில் ஆடை படிந்திருந்தது. அது ஆறி வெகு நேரம் ஆகியிருந்தது. அவன் வருவதற்கு முன்னால் டீயை இங்கே விட்டுவிட்டு அவர் வேறெங்கோ போயிருந்திருக்கிறார்.

"முன்னாடியே மாடிக்குப் போய் இல்லேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்களாண்ணே?"

துணி நின்றது.

கோட்டான் கடைசி மீட்டரையும் படித்தான். புது நம்பரைத் தன் கையால் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினான். பிறகு நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தான். பாதிப் படியில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா.

"கூட்டம் சாயங்காலம் நம்ம வீட்லதான். சீக்கிரம் வா, மிஷினைத் தள்ள ஆள் இல்லை."

"வர்றேன்க்கா" என்றான். "இன்னைக்குச் சீக்கிரமே வந்துடுவேன்னு நெனைக்கிறேன்."